தண்ணீர் வேலைக்கு மூன்று கதவு: எதில் நுழைவது?

அக்கா மகள் பி.இ. சிவில் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. கட்டட வேலை வேண்டாம், தண்ணீர் வேலைதான் என்று உறுதியாக இருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை திருநகரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்று வழிகளை என் முன்னால் வைத்தாள். ஒன்று, டி.என்.பி.எஸ்.சி. எழுதி அரசுப் பொறியாளர் ஆவது. இரண்டு, சுத்திகரிப்பு நிலையத்தை ஒப்பந்தத்தில் எடுத்து ஓட்டும் தனியார் கம்பெனியில் ஷிஃப்ட் இன்ஜினியர் வேலை. மூன்று, கண்மாய்களைப் பராமரிக்க ஊர் மக்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனம். "நீங்க இருபது வருஷமா பிளான்ட்லயே இருக்கீங்க மாமா, எதுல போகட்டும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மதுரைப் பக்கம் அவளைப் போல யோசிக்கிற பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள்.

சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அரசில் உதவிப் பொறியாளருக்கு அடிப்படைச் சம்பளமே 37,700 ரூபாயில் தொடங்குகிறது. மற்ற இரண்டும் ஆரம்பத்தில் அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் முப்பது வருடம் செய்யப்போகிற வேலையை முதல் மாதச் சம்பளத்தை வைத்து எடைபோட எனக்கு மனம் வரவில்லை. நான் பார்ப்பது வேறு. அங்கே யார் உனக்குக் கற்றுத்தருவார்கள்? உயிருக்கு ஆபத்து என்று வந்தால் யார் உன் பக்கம் நிற்பார்கள்? ஒரே தண்ணீரோடு எத்தனை வருடம் உன்னை இருக்க விடுவார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஏன் என்றால், நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) ஒப்பந்தம் கைமாறியது. மார்ச் 31 நள்ளிரவில் பழைய கம்பெனி ஆட்கள் ஏழு பேர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். புது ஆட்கள் உள்ளே வந்தார்கள். அங்கே எல்லா வால்வும் வலப்பக்கம் சுற்றினால் மூடும். மூன்றாம் வடிகட்டிக்குப் போகிற வால்வு மட்டும் வலப்பக்கம் சுற்றினால் திறக்கும். எப்போதோ ஸ்பிண்டிலை (வால்வைச் சுற்றுகிற தண்டு) மாற்றியதிலிருந்து அப்படி. பழைய ஃபிட்டர் அண்ணனுக்கு அது கைப்பழக்கம். எழுதி வைக்க அவருக்குத் தோன்றவில்லை, கிளம்பும்போது அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. விடிவதற்குள் வடிகட்டி நிரம்பி வழிந்து, மோட்டார் அறையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. இரண்டு நாள் ஒரு பகுதிக்கே குடிநீர் போகவில்லை. புதிதாக வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், படித்தவர்களும்கூட. அந்த நிலையத்தைத் தெரிந்தவர்கள் ஏழு பேரும் ஒரே இரவில் வெளியே போய்விட்டார்கள், அதுதான் நடந்தது.

சரி, அரசு வழியைப் பார்ப்போம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 ஏப்ரலில் தொடங்கியது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் அதன் கையில். அணை, ஆறு, பெரிய கண்மாய் எல்லாம் நீர்வளத்துறை. 2021 வரை அது பொதுப்பணித்துறைக்குள் இருந்தது. இந்த வழியில் போனால் கிடைக்கும் பெரிய பேறு, வேலையின் அளவு. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது, 1959-ல் திறந்த 71 அடி வைகை அணையில் சேர்கிறது, அங்கிருந்து மதுரைக்கு வருகிறது. இப்போது அது போதாமல் லோயர் கேம்பிலேயே தண்ணீரை எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவருகிற திட்டம். இப்படி ஒன்றை வரைபடத்திலிருந்து குழாய் வரை பார்க்கிற வாய்ப்பு வேறு எங்கேயும் கிடைக்காது.

பயிற்சியிலும் அரசுப் பொறியாளருக்குக் குறைவில்லை. திருச்சி துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் 1984 முதல் இருக்கிறது. புனே அருகே கடக்வாஸ்லாவில் தேசிய நீர் அகாடமி, ராய்ப்பூரில் நிலத்தடி நீருக்கென்று ஒரு தேசியப் பயிற்சி நிறுவனம். குடிநீர், கழிவுநீர் பொறியாளர்களுக்கு மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. துறை அனுப்பினால் சம்பளத்தோடு போய்ப் படித்துவிட்டு வரலாம்.

குறை இரண்டு. தேர்வு எப்போது வரும், எத்தனை இடம் வரும் என்பது நம் கையில் இல்லை. வீட்டில் உட்கார்ந்து இரண்டு மூன்று வருடம் தயாராகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். படித்தது கைக்கு வராமலே மறந்துபோகிறது. இரண்டாவது, இடமாற்றம். ஒரு கால்வாயின் குணம் பிடிபடுவதற்குள் வேறு மாவட்டத்துக்கு உத்தரவு வந்துவிடும். எஸ்டிமேட், டெண்டர், பில், தணிக்கை என்று நாள் போய்விடும். என்னோடு படித்த ஒருவர் நல்ல பொறியாளர். கடைசியாக எப்போது மடையில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அந்த மனிதருக்கு அது வருத்தம் என்று எனக்குத் தெரியும்.

இனி பிளான்ட் வேலை. இது என் வாழ்க்கை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்லுவேன்.

ஆற்றில் புதுத் தண்ணீர் வருகிற நாட்களில், காலை ஆறு மணிக்கு உள்ளே வரும் தண்ணீரை வாளியில் எடுத்து, ஆறு கண்ணாடிக் குடுவைகளில் ஒவ்வொரு லிட்டராக ஊற்றுவோம். முதல் குடுவையில் 10 மில்லிகிராம் படிகாரம், அடுத்ததில் 20, அப்படியே 60 வரைக்கும். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கிவிட்டு, அப்புறம் பதினைந்து இருபது நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஆறும் ஒரே செம்மண் தண்ணீராகத்தான் தெரியும். பிறகு மூன்றாவது குடுவையில் ஊசிமுனை அளவில் ஏதோ மிதக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அது நொய்யரிசி அளவுக்குத் திரளும். கலக்கியை நிறுத்தியதும் பஞ்சு இறங்குவது போல அடியில் இறங்கும். ஆறாவது குடுவையில் படிகாரம் அதிகம்தான், ஆனால் அது தெளியாமல் பால் மாதிரி நிற்கும். அளவு கூடினாலும் கெடும். மலைத்தண்ணீரில் காரத்தன்மை குறைவாக இருந்தால் சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் படிகாரம் வேலை செய்யாது. அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை எடுத்துக் கலங்கல் பார்த்து, அன்றைய அளவை முடிவு செய்வோம். அந்த அளவில்தான் அன்றைக்கு ஊர் குடிக்கிறது.

ஜார் டெஸ்ட் என்கிற இந்த சோதனை பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கும். ஆனால் 'திரள் பிடிக்கிறது' என்பதை ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் கண்ணுக்குப் பிடிபடும். எனக்குக் காட்டியவர் பத்தாம் வகுப்பு படித்த ஒரு கெமிஸ்ட் உதவியாளர். குடுவைக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு, "மூக்கு கண்ணாடில ஒட்டுற மாதிரி பாருங்க தம்பி" என்பார். பிளான்டில் இரண்டு வருடம் இருந்தால் தண்ணீரைப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம் என்று நான் சொல்லுவது இதைத்தான். கழிவுநீர் நிலையம் என்றால் இன்னும் பெரிய பள்ளிக்கூடம். அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்வதே நுண்ணுயிர்கள்தான். அவை பசியாக இருக்கின்றனவா, மூச்சுத் திணறுகின்றனவா என்று ஒரு லிட்டர் அளவுக் குழாயில் அரை மணி நேரம் சேறு படிகிற விதத்திலேயே தெரியும். மதுரைக்கு அவனியாபுரம், சக்கிமங்கலம் என்று இரண்டு பெரிய கழிவுநீர் நிலையங்கள் இருக்கின்றன, வேலைக்கு ஆள் தேவையும் இருக்கிறது.

ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு இந்தக் கதவுதான் மோசமான பதில் சொல்லுகிறது. 2022 ஏப்ரலில் நம் மதுரை நேரு நகரில் கழிவுநீர் நீரேற்றக் கிணற்றில் மோட்டார் பழுதுபார்க்கப் போன மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். ஒருவர் விழ, அவரைக் காப்பாற்றப் போனவர்களும் போனார்கள். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற இடம்தான் சாவு இடம். மனிதரை இப்படி இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013 முதல் இருக்கிறது. இறந்தால் 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இழப்பீடு வந்து என்ன, வாயுவை அளக்கிற ஒரு சின்னக் கருவியும் மேலே கயிற்றைப் பிடித்தபடி ஒரு ஆளும் இருந்தால் அந்த மூன்று பேரும் இன்று வீட்டில் இருப்பார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

அக்காவுக்கு இன்னொரு கவலை, இரவு ஷிஃப்ட். அது நியாயமான கவலை. பெண் பிள்ளைக்குத் தனிக் கழிப்பறை, வீட்டுக்கு வண்டி, இரவில் தனியாக விடாமல் இன்னொருவர் துணை, இந்த மூன்றும் இல்லாத இடத்தில் சேர வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வழி, கண்மாய். மதுரையைச் சுற்றிப் பிறந்த யாருக்கும் கண்மாய் தெரியாமல் இருக்காது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள். 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் பரப்பு) இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். தானம் அறக்கட்டளையின் தலைமையிடம் நம் மதுரைதான். 1992-ல் தொடங்கிய வயலகம் என்கிற அவர்களின் கண்மாய்த் திட்டத்தில் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, தாங்களும் ஒரு பங்கு போட்டு, வரத்துக்கால்வாயையும் மடையையும் சரி செய்கிறார்கள். படித்த பிள்ளைகளை எடுத்து, கிராமத்தில் தங்கவைத்துப் பழக்குகிறார்கள். சம்பளம் குறைவு, அலைச்சல் அதிகம். கூட்டம் இரவு எட்டு மணிக்குத்தான் கூடும். கருவேலம் வெட்டின காசு யாருக்கு என்கிற சண்டையைத் தீர்த்தால்தான் நில மட்டம் அளந்து லெவல் எடுக்கவே முடியும்.

இந்த வழியில்தான் என் மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது, அதுவும் பழைய பதில். பாண்டிய நாட்டுக் கண்மாயில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார், மடைக்குடும்பர் என்றும் சொல்லுவார்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் கணக்கு. கண்மாய்க்குள் தண்ணீரைத் திறந்துவிடுகிற குமிழித்தூம்பு இருக்கும். அதில் மேலே இருப்பது நீரோடித் துளை, கீழே இருப்பது சேறோடித் துளை. நீரோடியைத் திறந்தால் தெளிந்த தண்ணீர் வயலுக்குப் போகும். கீழ்த்துளை அடியில் தங்கிய சேற்றை இழுத்துக்கொண்டு போகும். பாசனமும் தூர் வாருவதும் ஒரே கட்டுமானத்தில். நிறைகண்மாயில் மூச்சடக்கி முங்கி அதைத் திறப்பவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். கரையில் மடைக்கருப்பசாமியைக் கும்பிடாமல் இறங்கமாட்டார். அறுவடையானதும் களத்திலேயே அவருக்கு ஒவ்வொரு வயலிலிருந்தும் நெல் வந்துவிடும். சில ஊர்களில் மானிய நிலமும் உண்டு. விளைந்தால் அவருக்கும் கூடும், காய்ந்தால் அவருக்கும் குறையும். வருடா வருடம் கைமாறுகிற ஒப்பந்தத்தில் அந்த ஒட்டுதல் வராது. எந்தச் சாதி அந்த மண்வெட்டியைப் பிடிக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்த காலம் அது, அதை நான் திரும்பக் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்ப்பவரின் சோறும் அந்தத் தண்ணீரும் ஒன்றோடு ஒன்று கட்டியிருந்தது, அதைத்தான் கேட்கிறேன்.

கண்மாய் வேலை கிராமத்து வேலை, பிளான்ட் நகரத்து வேலை என்று பிரிக்கிறவர்கள் மதுரையையே கவனிக்கவில்லை என்பேன். உயர் நீதிமன்றக் கிளை நிற்கிற இடம் உலகனேரிக் கண்மாய். தல்லாகுளம் என்கிற பேரிலேயே குளம் இருக்கிறது. 1645-ல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல வருடம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற மைதானமாகக் கிடந்தது. பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீர் உள்ளே வந்தபின் சுற்றுத் தெருக்களில் போர்க்கிணறுகளில் தண்ணீர் ஊறுகிறது என்று அங்கே குடியிருப்பவர்கள் சொல்லுகிறார்கள். தொலைவிலிருந்து குழாயில் கொண்டுவருகிற தண்ணீர் எவ்வளவு வந்தாலும், வாசலில் இருக்கிற குளம் நிறைவது வேறு.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். எந்தக் கதவில் போனாலும், இந்த நாட்டில் தண்ணீர்த் துறை தன் ஆட்களைத் தாங்கிப் பிடிப்பது ஏற்றத்தாழ்வாகவே இருக்கிறது. கட்டுகிற பொறியாளருக்கு அகாடமி இருக்கிறது, சங்கம் இருக்கிறது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வாட்டர் ஒர்க்ஸ் அசோசியேஷன் 1968 முதல் நடக்கிறது. வருடம்தோறும் மாநாடு, சொந்தமாகப் பத்திரிகை. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் அமைப்புக்கு மதுரையிலேயே கிளை இருக்கிறது. ஆனால் ஓட்டுகிற ஆபரேட்டருக்கும், ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவருக்கும் யார் இருக்கிறார்கள்? 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம், கிராமத்து வீடுகளுக்குக் குழாயில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தது. ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதனை கற்றுக்கொடுக்கவும், நல் ஜல் மித்ரா என்று உள்ளூர் ஆட்களுக்குக் குழாய், மோட்டார், மின்வேலை மூன்றையும் பழக்கவும் அதில் வழி செய்தார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் லைசென்ஸ் என்று ஒன்று இல்லை. அமெரிக்காவில் 1974-ல் வந்த குடிநீர்ச் சட்டத்தை 1996-ல் திருத்தியபோது, பொதுக் குடிநீர் நிலையத்தை ஓட்டுகிறவர் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பயிற்சிக்குப் போயாக வேண்டும். நம்மிடம் லாரி ஓட்ட லைசென்ஸ் கேட்கிறோம், ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீரில் குளோரின் விடுகிறவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் அவருக்குத்தான் மதிப்பு கூடும். லைசென்ஸ் இருந்தால், ஒப்பந்தம் கைமாறும்போது அவரைச் சுலபமாக வெளியே அனுப்ப முடியாது.

இதெல்லாம் சேர்த்து அவளுக்கு என்ன சொன்னேன்? முதலில் பிளான்டில் சேரச் சொன்னேன், இரண்டு வருடத்துக்கு. வீட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பதைவிட, ஷிஃப்ட் முடிந்து வந்து படிப்பது மேல். படித்தது கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். தேர்வு அறிவிப்பு வரும்போதெல்லாம் எழுதட்டும், கிடைத்தால் போகட்டும். ஜார் டெஸ்ட் செய்த கையோடு அரசு நாற்காலியில் உட்காருகிற பொறியாளர், கீழே இருக்கிற ஆபரேட்டரை மனிதராகப் பார்ப்பார். அப்படி நான்கு பேர் வந்தாலே டெண்டர் நிபந்தனையில் 'பழைய ஆட்களைத் தொடர வேண்டும்' என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள் என்பது என் ஆசை. கண்மாய் வேலை? அவளுக்குக் கூட்டத்தில் பேசுகிற பொறுமை இன்னும் வரவில்லை, அதை நேராகவே சொன்னேன். ஆனால் பேச்சும் பொறுமையும் உள்ள பிள்ளை என்றால், சம்பளத்தை வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள் என்றால், அந்தப் பிள்ளைக்கு நான் கண்மாயைத்தான் முதலில் சொல்லுவேன். அங்கே கற்பது வேறு எங்கேயும் கிடைக்காது.

அவள் கையில் இருக்கும் பிளான்ட் வேலைக்கு வருகிற திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். சம்பளப் பேச்சுக்கு முன்னால் குளோரின் அறையைக் காட்டச் சொல்லுவோம். கதவுக்கு வெளியே முகமூடி தொங்குகிறதா, அதன் கேனிஸ்டரில் (வாயுவை வடிகட்டுகிற டப்பா) எந்தத் தேதி போட்டிருக்கிறது, வாயு அளக்கும் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், சோதனைக் குடுவைகள் ஈரமாக இருக்கின்றனவா தூசி படிந்திருக்கின்றனவா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. யாருக்கெல்லாம் பிடிக்கிறார்கள், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். தாளின் கடைசியில் அவளாகவே ஒரு கேள்வி சேர்த்திருக்கிறாள்: "இங்கே ரொம்ப நாளா இருக்கிற ஆபரேட்டர் யாரு? அவர்கூட ஒரு அரை மணி நேரம் நான் பேசலாமா?"